தாழம்பூ சொன்ன பொய்

திருவண்ணாமலையில் பிறந்துவிட்டு ஓவியம் படிக்கப் போகிறவளை ஊர் ஒரு கேள்வி கேட்காமல் விடாது. அடியும் முடியும் காணாத அண்ணாமலையானுக்கு நீ எப்படிப் படம் போடுவாய்? பிராகாரத்தில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்த என்னிடம் எங்கள் ஆயா இன்னும் நேராகவே கேட்டாள். "ஏண்டி, கும்புட வந்தியா, கோடு இழுக்க வந்தியா?"

நான் படித்தது சென்னை பெரியமேட்டில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில். 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. இப்போது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நாலு வருஷப் படிப்பு. பானை, துணி, பாட்டில் என்று தொடங்கி, பிறகு ஆளை எதிரில் உட்காரவைத்து வரையச் சொல்வார்கள். பழகாத கை எதிரில் இருப்பவரின் மூக்கைப் போடாது. தான் எப்போதும் போடுகிற மூக்கையே போடும். கண் என்றால் மீன், வாய் என்றால் வில். எங்கள் வாத்தியார் ஒருவர் பின்னால் வந்து நின்று, "தெரிஞ்சதைப் போடாதம்மா, தெரியறதைப் போடு" என்பார். அவர் கோயில் பக்கமே போகாதவர். ஆனால் எங்கள் ஊர்த் தலபுராணத்தை எனக்குப் புரியவைத்தது அந்த ஒரு வரிதான்.

கதை எல்லோருக்கும் தெரியும். சிவன் நெருப்புத் தூணாக நிற்கிறார். திருமால் பன்றியாகி அடியைத் தோண்டுகிறார், பிரமன் அன்னமாகி முடியைத் தேடிப் பறக்கிறார். இருவருக்குமே எட்டவில்லை. திருமால் திரும்பி வந்து, முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரமனோ கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சி பிடித்து, முடியைக் கண்டேன் என்றார். அதனால் அவருக்குக் கோயில் இல்லை, சிவபூஜையில் தாழம்பூவுக்கு இடமில்லை என்பது கதை. காணாததற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னதற்குத்தான் தண்டனை. வகுப்பில் அந்த மீன் கண்ணைப் போடுகிற கையும் அதையேதான் செய்கிறது.

சோழர் காலச் சிவன் கோயில்களில் கருவறையின் பின்சுவர் மாடத்தில் லிங்கோத்பவர் இருப்பார். தூணின் நடுவே ஒரு பிளவு, அதற்குள் நின்ற கோலத்தில் ஈசன். மேலே அன்னம், கீழே பன்றி. கால்களைப் பாருங்கள்: பிளவின் கீழ்விளிம்போடு உருவம் நின்றுவிடும், பாதம் கிடையாது. செதுக்கத் தெரியாத கையா அது? பக்கத்து மாடத்தில் தட்சிணாமூர்த்தியின் கால் விரலை நகத்தோடு செதுக்கிய கை. யாரும் காணாத அடியைக் காட்டக்கூடாது என்று உளியை நிறுத்திக்கொண்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஸ்தபதி மட்டும் சிவனைப் பார்த்தா செதுக்கினார்? அவரிடம் இருப்பது தாள அளவும் தியான சுலோகமும்தானே? உண்மைதான். ஆனால் அவர் நான் கண்டேன் என்று எங்கும் சொல்லவில்லை. வழிவழியாக வந்த அளவு இது என்று வெளிப்படையாகவே வேலை செய்கிறார். பெரும்பாலும் பெயர்கூடப் பொறிப்பதில்லை. வாத்தியாரின் விதி அவருக்குப் பொருந்தாது. பிரமன்மேல் விழுந்த பழியும் அவர்மேல் விழாது.

1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் இன்னும் மேலே போகிறார். 'உள்ளது நாற்பது' முதல் பாட்டிலேயே ஓவியத்தைத்தான் உவமையாக எடுக்கிறார். படம், பார்ப்பவன், படம் விழும் திரை, ஒளி எல்லாம் ஒன்றே என்பது அவர் முடிவு. பென்சில் பிடித்த கைக்கு அது எட்டாத தூரம். ஆனால் அதே நூலில், தன்னை உருவம் என்று கொண்டவனுக்கு உலகும் கடவுளும் உருவமாகவே இருக்கும் என்கிறார். அப்படியானால் இந்த உடம்பை நான் என்று நினைத்திருக்கும்வரை கோடு போட எனக்கு அனுமதி உண்டு என்று எடுத்துக்கொண்டேன். பகவான் சிரித்திருப்பார்.

மலைக்கு வருகிறேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கிழக்கே ராஜகோபுரத்துப் பக்கமிருந்து பார்த்தால் மலை ஒரே சிகரம். நடக்க நடக்க இரண்டாகும், மூன்றாகும், ஓரிடத்தில் ஐந்து முகம் என்பார்கள். எது மலையின் நிஜ உருவம் என்று கேட்டால், நின்ற இடத்தைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. அதனால் மலையை வரையும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் "செங்கம் சாலை, காலை வெயில்" என்பதுபோல எழுதிவைக்கிறேன். கடவுளைப் பற்றிப் பேசுகிறவர்களும் தாங்கள் எங்கே நின்று பார்த்தோம் என்று ஓரத்தில் எழுதிவைத்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

ஆயாவுக்கு நான் சொன்ன பதில் இதில் பாதிகூட இல்லை. "பாத்துத்தான் ஆயா போடுறேன்" என்றேன். அவளுக்கு அது போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

சிவன் கோயில் சுற்றும்போது துர்க்கையிடம் போகிற அவசரத்தில் லிங்கோத்பவரைத் தாண்டிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் அந்தக் காலடியைப் பாருங்கள். அங்கே யாராவது ஒரு பிள்ளை பென்சிலோடு உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து எழுப்பிவிடாதீர்கள்.