திரி விற்ற காசு

பூதப்பாண்டியில் ஒரு வாசகசாலையோ மகளிர் குழுவோ தன் செலவுக்குப் பணம் திரட்ட நினைத்தால், வசதியான ஊர்க்காரர் ஒருவரிடம் போய் நிற்கலாம். ஒரே காசோலையில் காரியம் முடிந்துவிடும். இல்லையென்றால் மெழுகை உருக்கி, அச்சில் ஊற்றி, மெழுகுதிரி செய்து வீடு வீடாக விற்கலாம். இதில் அலைச்சல் அதிகம், மிஞ்சுவது கொஞ்சம். இருந்தும், ஊருக்குப் பொதுவான ஓர் அமைப்புக்கு இந்த இரண்டாவது வழிதான் நல்லது என்று உறுதியாக எண்ணுகிறேன். கைக்கு வந்த பணத்தைச் செலவழித்துவிடலாம். அதைக் கொடுத்தவரின் பிடி அத்தனை எளிதில் விடாது. ஒருவரிடம் பெரிய தொகை வாங்கிய அமைப்பு அவர் முகம் கோணாமல் பேசப் பழகிக்கொள்கிறது. நூறு வீடுகளில் திரி விற்ற அமைப்பு அந்த நூறு வீட்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

பொருளை விற்றுப் பொதுக்காரியம் நடத்துவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற பணம் அவர்களின் விடுதிப் பள்ளிக்கு உதவியது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதற்கு முன்பே, பின்னிச் சம்பாதித்த கூலியில் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கிக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு வந்த நன்கொடைகளைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நன்கொடை பள்ளியை நடத்தியதோடு நின்றது. பின்னல் வேலையோ பள்ளியையும் தாங்கி, பின்னியவளின் கையிலும் காசு வைத்தது. படிப்பைத் தானமாகப் பெற்றவள் ஆயுளெல்லாம் நன்றிக்கடனோடு நிற்க வேண்டியிருக்கும். தன் விரல்கள் செய்த பொருளால் தன் பள்ளியைத் தாங்கியவளுக்கு அந்தக் குனிவு தேவைப்படவில்லை.

இதற்கு இன்னொரு முகம் குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ சபைகளில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலம். வாழைக்குலை, தேங்காய், கோழி என்று வீட்டு விளைச்சலில் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அது ஏலத்துக்குப் போகும். கடையில் கிடைக்கும் விலையைப்போலப் பல மடங்குக்கு ஒருவர் எடுப்பார். சில வேளை எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். பணமில்லாதவருக்கும் அங்கே ஒரு பங்கு இருக்கிறது: அவர் வீட்டுத் தேங்காய்தானே ஏலத்தில் போகிறது! வசூல் நோட்டில் பெயரும் தொகையும் மட்டும் எழுதும் முறையில் அவருக்கு இந்த இடம் கிடைக்காது. காந்தியும் இந்த நுட்பம் அறிந்தவர். 1934இல் அரிசனப் பயணத்தின்போது தமக்கு அளிக்கப்பட்ட வரவேற்புப் பத்திரங்களையும் அன்பளிப்புகளையும் கூட்டத்திலேயே ஏலம் விட்டு நிதி சேர்த்தார்.

பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவா வளர்த்த பொதுவுடைமை இயக்கமும் சில்லறைக் காசில் வளர்ந்ததுதான். 1937இல் தொடங்கிய ‘ஜனசக்தி’ இதழைத் தோழர்கள் தெருவில் கூவி விற்றார்கள். உண்டியல் குலுக்கிகள் என்று பிறர் ஏளனம் செய்ததை அவர்கள் அவமானமாக நினைக்கவில்லை. கட்சிக்காகத் திரட்டிய பணம் கையிலிருக்க, அதைத் தொடாமல் ஜீவா பசியோடு இருந்தார் என்று இன்றும் பரவலாகச் சொல்வார்கள். பலர் கொடுத்த காசு, அதைச் சுமப்பவரை எப்படிக் கட்டிப்போடும் என்பதை ஊர் புரிந்துகொண்டிருப்பதால்தான் இந்தக் கதை இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திராவிட்டால் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்திருக்குமா? திரி விற்று அதைக் கட்டியிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பெரிய கட்டடத்துக்குப் பெரிய மனிதர் வேண்டும். வாசகசாலையின் கதை வேறு. அதற்குப் பணத்தைவிட அரிய தேவை, அதைத் தன்னுடையது என்று நினைக்கும் ஆட்கள். காசோலை வந்த மறுநாள் உறுப்பினர்களுக்குச் செய்ய வேலை இருக்காது. விற்கப் போனால் பேச வேண்டும், எதற்கு இந்தக் காசு என்று கேட்பவருக்கு விளக்க வேண்டும், வேண்டாம் என்று கதவடைப்பவரையும் பார்க்க வேண்டும். ஊர் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று ஓர் அமைப்பு தெரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

தேவையற்ற பொருளைத் தலையில் கட்டுவது நன்கொடை கேட்பதைவிட மோசம் அல்லவா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி என்னை அதிகம் உறுத்துகிறது. மின்வெட்டு மணிக்கணக்கில் நீடித்த ஆண்டுகளில் திரி எந்த வீட்டுக்கும் வேண்டியிருந்தது. இன்று இன்வெர்ட்டர் இருக்கிறது, கைபேசியில் விளக்கிருக்கிறது. ஆகவே காலமும் இடமும் பார்த்து விற்க வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் திரி இல்லாமல் கல்லறைக்குப் போகிறவர் இல்லை. அந்த மாதக் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கிவிடும். பூதப்பாண்டி இருக்கும் இதே தோவாளை வட்டத்தில், ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில், 1752இல் தேவசகாயம் கொல்லப்பட்ட இடத்துக்கு, 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பின் வெளியூர்க்காரர்களும் தேடி வருகிறார்கள். எப்படியும் திரி வாங்கப்போகிறவர் நம் குழுவிடம் வாங்கினால் அதில் திணிப்பு இல்லை. ஆனால் அங்கெல்லாம் திரி விற்றே குடும்பம் நடத்தும் சிறு வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் விலைக்குக் கீழே இறக்கி விற்று அவர்கள் பிழைப்பைக் கெடுத்தால், அந்தக் காசில் நடக்கும் எந்தக் காரியத்தையும் நற்காரியம் என்று சொல்ல நாக்கு கூசும்.

அதேபோல விலையில் ஒளிவு கூடாது. 30 ரூபாய் அடக்கமாகும் திரியை 50 ரூபாய்க்குக் கொடுத்தால், 20 ரூபாய் வாசகசாலைக்கு என்று உறையிலேயே அச்சிட வேண்டும். வாங்குகிறவர் பொருளுக்கு எவ்வளவு, பொதுவுக்கு எவ்வளவு என்று தெரிந்து கொடுக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் ஆளுக்கு இத்தனை விற்றாக வேண்டும் என்று கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்புவது அறவே வேண்டாம். விற்காத திரிக்குத் தகப்பன் காசு கொடுத்துச் சரிக்கட்டும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளே பெரும்பாலும் வசதி குறைந்தவை. விற்கும் பொறுப்பு பெரியவர்களுடையது. முதல் விற்பனை முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை வாசகசாலைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும், உடைந்து வீணான திரிகளின் எண்ணிக்கை உட்பட.