எல்லைச் சாமி யாரைக் காக்கிறார்?

ஒரு நாட்டுக்குத் தன் எல்லையைக் காக்கும் உரிமை உண்டா? உண்டு என்றே நான் சொல்வேன். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, களவாகத் தோணியேறி வந்தவன் என்று பொருள்படும் 'கள்ளத்தோணி' என்ற வசையை பஸ்ஸிலும் கடைவீதியிலும் கேட்டு வளர்ந்தவன் நான். தோட்டப் பாடசாலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்படிப்பட்ட ஒருவன் எல்லைக் காவலை ஆதரிப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் எங்கள் தோட்டத்து வழிபாட்டைப் பாருங்கள். மாரியம்மன், லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவில் கோயில் கொண்டிருக்கிறாள். எல்லைச் சாமியான முனியாண்டியோ தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நிற்கிறார். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டே மலை ஏறுவார்கள். காவல் புனிதமான வேலை என்பதை நான் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

என் கேள்வி அதற்கு அடுத்தது. காவல் யாருக்காக? உள்ளே இருப்பவர் யார், வெளியாள் யார் என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? இதைச் சட்டக் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் இந்த நாடு ஏறத்தாழ பத்து லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடிப்படையில் இது அறத்தைப் பற்றிய கேள்வி.

தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த எங்களுக்கு எதிராக எழுந்த கோபம் காற்றில் முளைத்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தைக் காட்டி, கண்டிச் சீமையின் காடுகளையும் சேனை நிலங்களையும் ஆங்கில அரசு தன்னுடையதாக்கித் தோட்டத் துரைமாருக்கு விற்றது. அந்த மலைகளில் முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் வளர்ந்தன. தோட்டத்தைச் சுற்றியிருந்த சிங்கள விவசாயிக்கு மாடு மேய்க்க இடமில்லை, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் காணியில்லை. அவருடைய வேதனை உண்மையானது. ஆனால் காணியைப் பறித்த கை லண்டனிலும் கொழும்பிலும் இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததோ லயத்துக் காம்பராவில் அடைபட்டுக் கிடந்த கூலியாள். கோபம் நியாயமானது, அது போய் விழுந்த இடம்தான் தவறு. எல்லை குறித்து மக்கள் கொதிக்கும் எந்த நாட்டிலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்த வேதனைக்கு உண்மையில் யார் பொறுப்பு?

1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அவருடைய தகப்பனோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பிறப்பையே ஒழுங்காகப் பதியாத தோட்டங்களில் பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949இல் வந்த இன்னொரு சட்டம், விண்ணப்பித்தால் தரலாம் என்றது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

அப்படித் தள்ளுபடியான மனுக்களில் என் தாத்தாவினுடையதும் ஒன்று. அவர் முதலாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், கங்காணியின் ஆளாக, இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் வைத்திய சோதனை முடித்து, அரசு அறியக் கப்பலேறி வந்தவர். தோட்டத்துப் பேரேடான செக்ரோலில் பேர் இருந்தது, முப்பது வருட உழைப்பும் இருந்தது. விசாரணை செய்த அதிகாரி அவரிடம் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாராம்: "ஊருக்குக் காசு அனுப்பினாயா?" தாத்தா, "ஆமாங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்பினேன்" என்றார். இந்தியாவுக்குக் காசு அனுப்பியவர் இங்கே நிலையாகக் குடியிருப்பவர் அல்லர் என்று முடிவு எழுதப்பட்டது. உடன்பிறந்தவளுக்குச் செய்த கடமையே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. ஒருவனுடைய நற்செயலைக் குற்றமாக மாற்றாமல் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத எல்லை, அறத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது.

அனுமதியில்லாமல் தோணியில் வந்தவர்களே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். இருந்தார்கள். அவர்களைத் தடுக்க 1952இலிருந்தே வடமேற்குக் கரையில் இராணுவமும் கடற்படையும் ரோந்து போயின. 1963இல் அதற்கென்றே ஒரு தனிப்படை அமைந்து 1981 வரை இயங்கியது. கரையில் நின்று காவல் செய்தது அரசின் கடமை. கரையில் பிடிபட்ட சிலருடைய பேரை, நூறு வருடமாக மலையில் இருந்த எல்லோருக்கும் சூட்டியது அநீதி. திருவள்ளுவர் பொருட்பாலில் அரணுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதே பொருட்பாலில் அதற்கு முன்பே செங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். கோல் வளைந்த இடத்தில் மதிலை உயர்த்தி என்ன பயன்?

ஒருவரை ஒரு மண்ணுக்கு உரியவராக்குவது எது? பத்திரம் என்றால், அது எழுதுபவரின் தயவு. இரத்தம் என்றால், இந்தத் தீவில் எவருடைய இரத்தத்தையும் கடல்வழித் தொடர்பில்லாமல் கணக்கிட முடியாது. அனுராதபுரத்தில் கோடிக்கணக்கானோர் தொழுத ஸ்ரீ மகா போதியே, சங்கமித்தை தேரி இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கிளையிலிருந்து தழைத்தது என்பதே பௌத்தர்களின் நம்பிக்கை. கடல் கடந்து வந்தது இந்த மண்ணில் வேர்விட்டுப் புனிதமாகலாம் என்பதற்கு அதைவிட மேலான சாட்சி எனக்குத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்த பதில், கொடுக்கல் வாங்கல். ஒரு நாடு ஒருவரின் உழைப்பை உண்டுவிட்டால், அவருக்குக் கடன்பட்டுவிடுகிறது. அவரும் தம்மவரின் பிணத்தை அந்த மண்ணில் புதைத்த அன்று அதற்குக் கடன்பட்டுவிடுகிறார். எங்கள் சாமிகளே இதற்குச் சாட்சி. மாரியும் முனியும் அக்கரையிலிருந்து எங்களோடு வந்தவர்கள். ஆனால் தொழிற்சாலைச் சக்கரத்தருகே இருந்து ஆளைக் காக்கும் ரோதமுனியும், கவ்வாத்து வெட்டும்போது கும்பிடும் கவ்வாத்துச் சாமியும் இங்கேயே, தேயிலைக்குள்ளேயே பிறந்தவர்கள். தெய்வம் பிறந்த மண்ணை அந்நிய மண் என்று எப்படிச் சொல்வது?

1964 ஒக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் எங்களைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்ப்பது என்று பங்கு பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் சரிபாதியாக்கினார்கள். பங்கு வைக்கப்பட்டவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு இலங்கை கிடைத்தது, அத்தை வீட்டுக்கு இந்தியா. அட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, தன் தகப்பன் தகரத் துண்டோடு நின்ற அதே மண்டபத்துக்கு அத்தை போய்ச் சேர்ந்தார். நீலகிரியில் தேயிலை பறித்தே முதுமையடைந்தார். இங்கே 'இந்தியாக்காரி'யாக இருந்தவர் அங்கே கடைசிவரை 'சிலோன்காரி'.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை தந்தது. நாடற்றவர் என்ற பேர் நீங்க 55 வருடங்கள் ஆயின. அந்தச் சட்டம் வந்ததால் இந்தத் தீவின் எல்லை எங்கும் இடிந்து விழவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது எங்கள் ஆட்களுக்கு. 2024 டிசம்பரில், மியன்மாரைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு ஒரு படகு முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கியது. குழந்தைகளும் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்த எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில், "நமக்கே இங்க ஒண்ணுமில்ல, இவங்க வேறயா?" என்று ஒரு தம்பி கேட்டான். அவன் கேட்டதில் வறுமையின் வலி இருக்கிறது. ஆனாலும் தம்பி, எழுபது வருடங்களுக்கு முன் உன் பூட்டனைப் பார்த்துச் சொன்னதும் இதே சொல்தான். உன் சம்பளத்தைக் குறைத்து வைத்திருப்பது அந்தப் படகல்ல.

எல்லையைக் காவல் செய்யட்டும். ஆனால் வந்தவரை ஒவ்வொருவராக விசாரிக்கட்டும், கூட்டமாகத் தீர்ப்பளிக்க வேண்டாம். தகப்பன் வந்த வழிக்காகப் பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம். உயிர் தப்பி வந்தவரைக் கொலைக்களத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். இந்த மூன்றையும் உரக்கக் கேட்கும் தகுதி இந்த நாட்டில் எவருக்கும் முன்னே மலையகத்தாருக்கு இருக்கிறது. கேட்காமல் இருந்தால் அது நாம் பட்ட பாட்டுக்கே செய்யும் துரோகம்.