பக்கவாத்தியம்

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்திருந்தார். திரைப்பட இயக்குநராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. புதிதாகப் பாட வந்திருக்கும் ஒருவர், தம் பாட்டுக்கு நான்கு நிமிஷத்தில் ஒரு படம் எடுத்துத் தரும்படி அவரைக் கேட்டிருக்கிறார். பணம் கிடையாதாம், பேர் கிடைக்குமாம்.

"பாட்டு அப்படியொன்றும் பிரமாதமில்லை, சார். ஆனாலும் இது ஒரு படிக்கட்டு. இதைக் காட்டித்தான் பெரிய படத்துக்குப் போக வேண்டும். ஒப்புக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

படிக்கட்டு என்ற அந்தச் சொல் என் மனத்தை உறுத்தியது. ஒருவர் உயிரைக் கொடுத்துப் பாடிய பாட்டை, மற்றொருவர் கால் வைத்து ஏறுவதற்கு மட்டும் உபயோகிப்பது நியாயமா? சரி, ஒரு வாலிபரின் உழைப்பை இனாமாக வாங்கிக்கொள்ள நினைக்கும் அந்தப் பாடகரின் செய்கைதான் நியாயமா? யோசித்துப் பார்த்தால், இருவருமே ஒருவரை ஒருவர் படியாக்கிக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள்.

இது இன்றைக்கு முளைத்த குறையல்ல. பாட்டுப் படங்களைக் காட்டுவதற்கென்றே 1981 ஆகஸ்டு முதல் தேதி அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியது. ஒவ்வொரு படத்தோடும் பாடியவர் பெயரும் பாட்டின் பெயரும் திரையின் மூலையில் வரும். அந்த இடத்தில் இயக்கியவர் பெயரையும் சேர்த்துப் போடத் தொடங்கியது 1992-ல்தான். அதுவரை பதினோரு வருஷங்கள், கண்ணுக்கு விருந்து வைத்தவர் யார் என்று கேட்காமலே ஜனங்கள் பார்த்து ரசித்தார்கள்.

அந்த நாட்களில் இத்தொழிலுக்கு வந்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் தேசத்து மிஷேல் கோந்த்ரி. இயக்குநராவதற்கு முன் அவர் 'வீ வீ' என்ற இசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். தம் குழுவின் பாட்டுக்களுக்குத் தாமே படம் எடுத்தார். அவற்றில் ஒன்றைப் பார்த்த ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், 1993-ல் தம்முடைய பாட்டுக்குப் படம் எடுக்க அவரை அழைத்தார். பிற்பாடு கதைப்படங்களும் எடுத்தார்; 2004-ல் வெளிவந்த ஒரு படத்தின் கதைக்காக ஆஸ்கார் விருதிலும் பங்கு பெற்றார்.

"பார்த்தீர்களா, படிக்கட்டுத்தானே!" என்று அந்த இளைஞர் சொல்லக்கூடும். ஆனால் கெமிக்கல் பிரதர்ஸின் 'ஸ்டார் கிடார்' இசைக்கு 2002-ல் கோந்த்ரி எடுத்த படத்தைப் பாருங்கள். ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே தெரியும் காட்சி, வேறொன்றும் இல்லை. கம்பமும் கட்டிடமும் பாலமும் கடந்து போகின்றன. சற்று நேரம் கழித்துத்தான் நமக்கு விளங்குகிறது: ஒவ்வொரு ஒலியும் எழும்போது அதற்குரிய ஒரு பொருள் ஜன்னலைக் கடக்கிறது! அந்த இசையை அணு அணுவாகக் கேட்காதவரால் அப்படி எடுக்க முடியாது. அது பக்கவாத்தியக்காரரின் காது.

நம் கச்சேரி மேடையில் மிருதங்கக்காரரை ஏவலாள் என்று யாரும் நினைப்பதில்லை. பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று அறிந்து வாசிப்பவர் அவர். அவருக்கென்று தனி ஆவர்த்தனம் உண்டு, சன்மானமும் உண்டு.

காதைக் கொடுத்தால் பேர் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வளவு சிரத்தையோடு உழைத்தும் பேர் தெரியாமல் போனவர்கள் எந்தக் கலையில்தான் இல்லை? பலன் கிடைக்காவிட்டாலும் செய்யத் தகுந்ததா என்பதே கேள்வி. ஆகையால் அவரிடம் சொன்னேன்: "பாட்டை இன்னும் ஐம்பது தடவை கேளுங்கள், தம்பி. அதில் ஓர் இடமாவது உங்களைப் பிடித்து நிறுத்தினால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், பிடிக்காத பாட்டுக்குப் படம் எடுப்பது பாடகரை ஏமாற்றுவது. ஒப்புக்கொண்டால், கூலியையும் பெயர் போடுவதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்."

"பெயர் போடாமல் விட்டுவிட்டால்?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம் உண்டு. முப்பது வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்று பத்திரிகையில் தொடராக வந்தது. அதற்குப் படம் போட்ட ஓவியர், கதாநாயகி வெறுங்குடத்தோடு கிணற்றடியில் நிற்பதாக வரைந்திருந்தார். நான் அப்படி எழுதவில்லை, கோபம்கூட வந்தது. ஆனால் வாசகர்கள் எழுதிய கடிதங்களிலெல்லாம் அந்த வெறுங்குடந்தான். என்ன அற்புதமான கற்பனை என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை. புத்தகமாக வந்தபோது அந்தக் காட்சியை என் எழுத்திலேயே சேர்த்துக்கொண்டேன். ஓவியரின் பெயரைச் சேர்க்கவில்லை.

இளைஞர் போனபின் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த பதிப்பில், முன்னுரைக்கு முன்னால், அந்த ஓவியரின் பெயரும் குடம் அவருடையது என்ற செய்தியும் இடம்பெற வேண்டும் என்று. அதைப் பார்க்க அவர் இப்போது இல்லை.