சொல்லும் அறமும்

பொருத்தமான சொல்லைத் தேடுவது எழுத்துக்கு அழகு சேர்க்கும் முயற்சி மட்டுந்தானா? அன்றி, அது அறத்தின் பாற்பட்டதா? மொழி பயிற்றுவோரும் பயில்வோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

மாணவர் கட்டுரைகளில் மழையும் 'நல்ல' மழை. மனிதரும் 'நல்ல' மனிதர். உணவும் 'நல்ல' உணவே. தூறல் வேறு, சாரல் வேறு, அடைமழை வேறு என்பதை அந்த ஒரு சொல் மறைத்துவிடுகிறது. தமிழோ நுணுகி வேறுபாடு காணும் மொழி. ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்குக்கூட 'ஈ', 'தா', 'கொடு' என மூன்று சொற்களைக் காட்டுகிறது தொல்காப்பியம். தாழ்ந்தோன் கேட்பது முதற்சொல். ஒத்தோன் கேட்பது இரண்டாவது. உயர்ந்தோன் கேட்பது மூன்றாவது. கேட்பவரின் நிலையையே சொல் உணர்த்திவிடுகிறது.

இந்நுட்பம் புலவர்க்கு மட்டும் உரியதன்று. ரப்பர்த் தோட்டங்கள் மிகுந்திருந்த நாளில், விடியுமுன் பெற்றோருக்குத் துணையாகப் பால்மரம் வெட்டச் சென்று, பின் பள்ளிக்கு வந்து கண்ணயரும் சிறுவர் இருந்தனர். அத்தகைய சிறுவனைச் 'சோம்பேறி' என்று குறித்துவிடுவது எளிது. 'களைத்திருக்கிறான்' என்று எழுதவோ, அவன் காலைப்பொழுதை அறிந்திருக்க வேண்டும். முதற்சொல் அவனைத் தண்டிக்கிறது. அடுத்தது அவனைப் புரிந்துகொள்கிறது.

ஆதலின், அகராதியைப் புரட்டுமுன் பொருளை உற்று நோக்குதல் வேண்டும். சரியாகக் காணாதவர்க்குச் சரியான சொல் அகப்படாது. பிறரைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் குறை மொழிக்குறையோடு நில்லாது, அநீதியாகவும் முடியும்.