கடற் பிரயாணமும் மனித விருப்பமும்

பினாங்கு ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையில் உல்லாசக் கப்பல் ஒன்று வந்து நிற்கும் நாளில், கடற்கரைத் தெருவிலிருந்து நோக்குவோர்க்குக் கார்ன்வாலிஸ் கோட்டையின் பக்கத்தே பல அடுக்கு மாளிகையொன்று ஓரிரவில் எழுந்துவிட்டது போலத் தோன்றும். காலையில் அதிலிருந்து இறங்குவோர் குயின் தெரு மாரியம்மன் கோவிலையும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், சீனர்களின் குடிக்கூடங்களையும் பார்த்துவிட்டு மாலையில் ஏறிக்கொள்வர். இரவுக்குள் கப்பல் போய்விடும். அவர்களுள் சிலர் உலகத்தை ஒருமுறையன்று, பலமுறை சுற்றியவர்கள். ஆண்டுதோறும் மூன்று நான்கு மாதங்களைக் கடலிலேயே கழிப்பதை வழக்கமாகக் கொண்டவர்கள்.

இவர்களைக் குறித்து நம்மவரிடையே இருவகைப் பேச்சு எழுவதுண்டு. ஒருசாரார், "கொடுத்து வைத்தவர்கள்" என்று பெருமூச்சு விடுவர். மற்றொரு சாரார், "பணத் திமிர்" என்று முகத்தைத் திருப்பிக் கொள்வர். முன்னது பொறாமை, பின்னதும் பெரும்பாலும் பொறாமையே. இரண்டும் ஆராய்ந்து கண்ட முடிவுகள் ஆகா. நெடுங்கடற் பிரயாணத்தையே தன் இன்பமாகக் கொண்ட ஒருவனுடைய வாழ்வு நல்வாழ்வா? அவன் இன்பம் குற்றமற்றதா? இக்கேள்வியையே இன்று நாம் எடுத்துக் கொள்கிறோம்.

முதலில் அவன் தரப்பைக் கேட்பதே நியாயம். உலகைச் சுற்றிக் காட்டுவதற்கென்றே ஒரு பெருங்கப்பல் புறப்பட்டது 1922-ஆம் ஆண்டில். குனார்டு கம்பெனியாரின் 'லக்கோனியா' என்னும் அக்கப்பல் நியூயார்க்கிலிருந்து கிளம்பி நாலு மாதங்களுக்கு மேல் கடலில் சென்று திரும்பியது. அன்று தொடங்கிய வழக்கம் நூறாண்டைக் கடந்து இன்றும் நடைபெறுகிறது. இதில் பழகியோருக்குச் சில தேர்ந்த விருப்பங்கள் உண்டு. கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தட்டில் அறை வேண்டுமென்பர். ஏற்றமரத்தின் நுனி ஆடுமளவுக்கு அதன் நடு ஆடுவதில்லை என்பதை அறிந்த நம் உழவனுக்கு இதன் காரணம் சொல்லாமலே விளங்கும். ஊருக்கு ஊர் மூட்டை கட்டாமல், ஒரே அறையில் இருந்துகொண்டு உலகத்தைத் தம்மிடம் வரச்செய்யும் வசதியைப் போற்றுவர். துறைமுக நாட்களைவிடக் கரை காணாத நாட்களையே பெரிதும் விரும்புவர். துணையை இழந்த முதியோர் பலர், தனி வீட்டின் மௌனத்தினும் கப்பலின் உணவு மேசையில் கிடைக்கும் பேச்சுத் துணை நன்றென்பர். இவற்றுள் எதையும் நாம் நகைப்பதற்கில்லை. அமைதியும் தோழமையும் தேடாத மனிதர் யார்?

இனி, எதிர்ப்போர் கூற்றைப் பார்ப்போம். பழைய வைதிகம், கடலைக் கடப்பதே பாவம் என்றது. போதாயன தர்ம சூத்திரம் கடற் பிரயாணத்தைச் சாதியினின்று வீழ்த்தும் குற்றங்களுள் ஒன்றாக எண்ணியது. 1888-ஆம் ஆண்டில் கல்வி கற்க இங்கிலாந்துக்குப் புறப்பட்ட காந்தியாரை அவருடைய சாதியார் பம்பாயில் கூடி விலக்கி வைத்தனர். இந்தத் தடையைப் பற்றி நாம் நீட்டி எழுத வேண்டுவதில்லை. கடல் கடந்து வந்து பிழைத்த நாமே அதற்கு மறுப்பு.

மற்றோர் எதிர்ப்பு மதிக்கத்தக்கது. ஏழைகள் வாடும் உலகில் செல்வன் கப்பலில் களித்துத் திரிவது தகுமா என்பது அது. இக்கேள்வியைக் கேட்பவரின் உள்ளம் நல்ல உள்ளமே. எனினும் இதனை முற்றும் ஒப்பினால் பாட்டு, நாடகம், பந்தாட்டம், பூந்தோட்டம் யாவற்றையும் விலக்க நேரிடும். எல்லோரும் ஒருங்கே வாடவேண்டும் என்பது சீர்திருத்தமன்று. ஒரு சிலருக்கு மட்டும் வாய்த்த ஓய்வும் இன்பமும் எல்லோருக்கும் வாய்க்கவேண்டும் என்பதே சீர்திருத்தம். ஆதலின் இன்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் உடன்படோம். குற்றம் இருக்குமாயின் அது வேறிடத்தில் இருத்தல் வேண்டும். அவ்விடத்தைக் காண, நம் முன்னோர் வந்த கப்பலைச் சற்றே நினைவுகூர்தல் நலம்.

'ரஜுலா' என்ற பெயரைக் கேட்டால் இன்றும் நம் முதியோர் நிமிர்ந்து உட்காருவர். 1926-இல் கட்டப்பெற்ற அந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிப் பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று இறக்கிச் சென்றது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணுக இயலாது. படகேறிப் போய்ப் பின்னரே கப்பலேற வேண்டும். தட்டில் பாயை விரித்த இடமே வீடு. தகரப் பெட்டியே சுவர். கப்பலின் நடுவில் இடம் வேண்டுமா, ஓரத்தில் வேண்டுமா என்று எவரும் கேட்டதில்லை. பினாங்கைக் கண்ட பின்னும் உடனே கரையேற இயலாது, ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்த தொழிலாளர் எத்தனையோ பேர். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எத்தனை வெள்ளிச் சம்பளம் என்பவற்றிலும் பெரும்பாலோர்க்கு விருப்பம் என்று ஒன்று இருந்ததாக எவரும் எண்ணவில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910-ஐ ஒட்டி ஒழிக்கப்பட்ட பின்னும், உதவிப் பணத்துடன் தொழிலாளரை அனுப்புவதை 1938-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும் வரையில் இந்நிலை நீடித்தது. ரஜுலாவோ 1973 வரையில் இக்கடலில் ஓடியது.

அன்பர்களே, இவ்விரு கப்பல்களையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒன்றில் மெத்தை, மற்றொன்றில் பாய் என்பதன்று பெரிய வேற்றுமை. பாயில் படுத்தவனும் நிலவைக் கண்டிருப்பான், பாடியிருப்பான், பக்கத்துப் பாய்க்காரனோடு ஆயுட்கால நட்புக் கொண்டிருப்பான். 'கப்பல் உறவு' சொந்த உறவினும் நெருங்கி நின்ற குடும்பங்கள் உண்டு. உண்மையான வேற்றுமை, ஒரு கப்பலில் பிரயாணியின் விருப்பம் கேட்கப்படுகிறது, மற்றதில் கேட்கப்படவில்லை என்பதே. "உனக்கு எது வேண்டும்?" என்று ஒருவனைக் கேட்பது, அவனும் நம்மைப்போல் உள்ளமுடையவன் என்று ஒப்புக்கொள்வதாகும். மனிதனுக்கு மனிதன் தரும் முதல் மரியாதை அது. சரக்கை எவரும் அவ்வாறு கேட்பதில்லை.

ஆகவே, நூறு விருப்பங்களோடு கப்பலேறும் சீமானை நாம் இகழவேண்டியதில்லை. மனிதனாய்ப் பிறந்த எவனுக்கும் இருக்கவேண்டிய ஒன்றையே அவன் பெற்றிருக்கிறான். ஆனால் அவனிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. உன் விருப்பங்களை நிறைவேற்றித் தருபவனுக்கும் விருப்பங்கள் உண்டு என்பதை நீ அறிவாயா?

உலகைப் பத்துமுறை சுற்றினேன் என்று பிரயாணி எண்ணிக்கை சொல்கிறான். அவன் படுக்கையை விரித்தவனும், அவன் உண்ட தட்டைக் கழுவியவனும் அவ்வாறே சுற்றியிருக்கின்றனர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளினின்றும் வந்து மாதக்கணக்கில் ஒப்பந்தத்துக்கு உழைக்கும் அவர்களில் பலர், பினாங்கைக் கண்டது பல நாட்களில் சாளரத்தின் வழியாக மட்டுமே இருக்கலாம். கடல் தொழிலாளர்க்கென்று 2006-இல் செய்யப்பெற்று, 2013-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் ஒன்று உளது. ஓய்வுநேரத்தால் கணக்கிடும் இடத்தில், நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு அவர்களுக்குத் தரவேண்டும் என்பது அதன் விதி. அதாவது, மற்ற 14 மணி நேரமும் வேலை வாங்கினாலும் அந்த விதி மீறப்பட்டதாகாது! அந்த அளவு காப்பும் நெடுநாட் போராட்டத்தால் வந்ததே.

2020-ஆம் ஆண்டு இவ்வுண்மையை உலகுக்கு நன்கு காட்டியது. கோவிட் நோய் பரவத் தொடங்கிய அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், ஏறத்தாழ ஈராயிரம் பேருடன் வந்த 'கோஸ்டா ஃபார்ச்சூனா' என்னும் உல்லாசக் கப்பலைப் பினாங்கு ஏற்க மறுத்தது. கப்பலில் நோய் கண்டவர் இல்லையென்று நிறுவனத்தார் கூறியும் பயனில்லை. முந்தைய நாள் புக்கெட்டிலும் அதே விடைதான் கிடைத்திருந்தது. பிரயாணிகள் சிங்கப்பூர் சென்றே இறங்கினர். ஜெரெஜாக் தீவில் காத்திருந்த நம் பாட்டன்மாரின் மனநிலையில் ஒரு சிறு பங்கை, அந்தச் சில நாட்களில் முதல் வகுப்பு அறைகளும் உணர்ந்திருக்கும். ஆயின் பின்னர் நடந்தது என்ன? உலகெங்கும் உல்லாசக் கப்பல்களின் பிரயாணிகள் பெரும்பாலோர் சில வாரங்களில் வீடு சேர்ந்தனர். பல்லாயிரக்கணக்கான ஊழியரோ, வீடு திரும்ப வழியின்றி மாதக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தனர்.

"ஊழியன் சம்பளம் பெறுகிறான், தானே விரும்பி வந்தான், கட்டணம் கொடுத்தவனுடைய கடமை அத்துடன் முடிந்தது" என்று சிலர் வாதிப்பர். இந்த வாதம் நம் காதுக்குப் புதியதன்று. "கூலி தன் விருப்பத்தால் வந்தான்" என்றுதான் தோட்ட முதலாளிகளும் சொல்லி வந்தார்கள். வறுமை பின்னின்று தள்ள, கையெழுத்தோ கைநாட்டோ இட்டவனுடைய விருப்பம் எவ்வளவு முழுமையானது என்பது நம் குடும்ப வரலாறு. அதனை அறிந்த நாம், பிறர் விஷயத்தில் அதே வாதத்தைக் கையாளலாமோ?

இங்கே கேள்வி கப்பலைவிட்டு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. இன்று பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும், பினாங்கின் உணவுக் கடைகளிலும், நம் பாட்டன் நின்ற இடத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும், தமிழ்நாட்டினின்று புதிதாய் வந்தோரும் நிற்கின்றனர். நகரத்துத் தமிழர் சிலர் அவர்களுக்கு முதலாளிகளாயும் இருக்கிறோம். கடையில் தேநீர் கொணர்ந்து வைப்பவனிடம், தேநீரில் சர்க்கரை எவ்வளவு வேண்டுமென்று நம் விருப்பத்தைச் சொல்லுகிறோம். அவன் எங்கே உறங்குகிறான், அவனுடைய பாஸ்போர்ட்டு அவன் கையில் இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? டெக் பிரயாணியின் பேரன், மேல்தட்டுப் பிரயாணியின் கண்ணைப் பெற்றுக்கொண்டால், ரஜுலாவின் துயரம் வீணாயிற்று என்றே சொல்வோம்.

இனி, கரை காணாத அந்த நீண்ட நாட்களைப் பற்றி ஒன்று கூறவேண்டும். மேற்கு நோக்கி உலகைச் சுற்றும் கப்பலில், கடிகாரத்தை அவ்வப்போது ஒருமணி பின்தள்ளி வைப்பர். நாள் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். பசிபிக் கடலில் தேதிக்கோட்டைக் கடக்கையில் ஒரு முழு நாள் கணக்கினின்றும் கழிந்துவிடும். வரவும் செலவும் சரி! கடற்பிரயாணம் தானாக ஒருவனுக்குக் கூடுதலாக எதையும் தந்துவிடுவதில்லை. அவன் உள்ளத்தில் எதைக் கொண்டு திரும்புகிறான் என்பதே மிச்சம்.

கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் 1937 அக்டோபர் 2-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியாரின் பிறந்த நாள். கடலின் நடுவே கிடைத்த ஓய்வில், காந்தியாரின் வாழ்க்கையை ஒரு படமாக எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. பின்னர்ப் பல நாடுகளில் அலைந்து, பழைய படச்சுருள்களைத் தேடித் தொகுத்து, 1940-இல் அதனை மக்கள் முன் வைத்தார். அதற்கும் முன்னே, 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார் ஈ. வெ. ரா. மலாயாத் தமிழரிடையே சுயமரியாதையைப் பேசிச் சென்றார். 1931 இறுதியில் மீண்டும் கப்பலேறி ஐரோப்பா, ருஷியா முதலிய இடங்களைச் சுற்றி அடுத்த ஆண்டில் திரும்பினார். இவர்களும் கடலை விரும்பியவர்களே; நெடுநாள் கப்பலில் இருந்தவர்களே. ஆயின் புறப்பட்டபோது இருந்த மனிதனே திரும்பி வந்தான் என்று இவர்களைச் சொல்ல முடியாது.

கப்பலேற நம்மவர்க்கும் இன்று காலம் வாய்த்திருக்கிறது. தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆசிரியராகவும் எழுத்தராகவும் உழைத்து ஓய்வு பெற்ற தம்பதியர், ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையில் கப்பலேறுவதை நாம் காண்கிறோம். அவர்கள் பாட்டிக்கு மறுக்கப்பட்ட சாளரத்தோர அறை அவர்களுக்குக் கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. போகட்டும்; நன்றாகக் களிக்கட்டும்; நடுத்தட்டு அறையையே கேட்டு வாங்கட்டும். அறையைத் துப்புரவு செய்பவனின் பெயரையும் ஊரையும் முதல் நாளே கேட்டறியட்டும். அவனுக்குரிய வெகுமதியைக் குறைக்காமல் கொடுக்கட்டும். ஊழியர் ஓய்வைப் பற்றியும் ஊதியத்தைப் பற்றியும் கப்பல் கம்பெனியாருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். உணவு பற்றிக் குறை எழுதுவோர் ஆயிரம் பேர். இதனை எழுதுவோர் மிகச் சிலரே. திரும்பி வந்தபின், தம் கடையிலும் வீட்டிலும் வேலை செய்பவரிடம் சென்று, "உனக்கு எது வேண்டும்?" என்று கேட்கட்டும். அவர் சொல்லும் விடைக்குக் காது கொடுக்கட்டும்.