புறங்கூறலும் கிறிஸ்தவ ஒழுக்க நோக்கும்

பிறர் பொருளைக் கவர்பவன் இருளை நாடுகிறான். பிறர் பெயரைக் கெடுப்பவனோ நண்பர் குழாத்தின் நடுவே அமர்ந்து, நகையும் வரவேற்பும் பெற்று அதனைச் செய்கிறான். கடிந்து கேட்பார் உளராயின், "நான் பொய் சொல்லவில்லையே, நடந்ததைத்தானே சொன்னேன்" என்ற விடை உடனே வரும். இவ்விடை போதுமானதா? உண்மை என்பது சொல்லியவனைக் குற்றத்தினின்று விடுவிக்குமா? கிறிஸ்தவ ஒழுக்கவியல் இவ்வினாவை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. அது கண்ட முடிபு நாம் எளிதில் எதிர்பார்ப்பதற்கு மாறானது.

பத்துக் கட்டளைகளுள் ஒன்று பொய்ச்சான்று கூறலைத் தடுக்கிறது. கத்தோலிக்கரும் லூதரன் சபையாரும் அதனை எட்டாவதாகவும், ஏனைய சீர்திருத்தச் சபையார் பலர் ஒன்பதாவதாகவும் எண்ணுவர். அக்கட்டளை வழக்கு மன்றத்தை முதன்மையாக நோக்கியது, பொய்யையே குறிப்பது. ஆயின் லேவியராகமத்தின் 19 ஆம் அதிகாரம், மக்களிடையே கோள் சொல்லித் திரிதலைத் தனியே விலக்குகிறது. பொய்யான கோள் என்று அது வரையறுக்கவில்லை. யாக்கோபின் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் நாவினை நெருப்புக்கு ஒப்பிடுகின்றது. நெருப்பு பற்றுவதற்குப் பொய் மட்டுமே விறகாக வேண்டும் என்பதில்லை.

இக்கருத்தை நுணுகி வகுத்தவர் 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவைனஸ் ஆவார். 'சும்மா தியோலொஜிக்கா' என்னும் பெருநூலில் அவர் புறங்கூறலையும் கோள் சொல்லலையும் வெவ்வேறாக ஆராய்கின்றார். ஒருவனுடைய நற்பெயரை அவன் இல்லாதவிடத்துக் குறைத்தல் புறங்கூறல். பொய்யைக் கட்டியுரைத்தல் மட்டுமன்றி, மறைந்து கிடந்த உண்மைக் குறையை வெளிப்படுத்தலும் அதனுள் அடங்கும். நற்பெயர் செல்வத்திலும் சிறந்த உடைமையாதலின், புறங்கூறல் களவிலும் கொடியது என்றும், கொலையிலும் பிறன்மனை சேர்தலிலும் குறைந்தது என்றும் அவர் நிறுத்து மதிப்பிடுகின்றார். விரும்பிக் கேட்பவனையும் அவர் விட்டுவிடவில்லை. கேட்டு மகிழ்பவன் சொல்பவனுக்குக் குறையாத குற்றவாளி. அச்சத்தாலோ நாணத்தாலோ மறுக்காது வாளாவிருப்பவனும் ஓரளவு குற்றமுடையவன்.

கோளின் நோக்கம் வேறு. நண்பர் இருவரைப் பிரித்தலே அதன் குறி. புறவுடைமைகள் யாவற்றினும் நட்பே மேலானது என்பதால், கோள் புறங்கூறலினும் பெரிய பாவம் என்பது அக்குவைனஸின் துணிபு. திருக்குறளிலே புறங்கூறாமை பற்றிய 19 ஆம் அதிகாரமும் இத்தீமை கேளிரைப் பிரிப்பதைச் சுட்டுகின்றமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

உண்மையைச் சொன்னவன் ஏன் குற்றவாளியாகிறான் என்பதை, இழப்பை ஈடுசெய்தல் பற்றிய ஆராய்ச்சி மேலும் தெளிவாக்குகிறது. களவு செய்தவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். பொய்ப்பழி சுமத்தியவன் 'நான் கூறியது பொய்' என்று அறிவிக்கலாம். மறைந்த உண்மையை அம்பலப்படுத்தியவன் என்ன செய்வான்? அதனைப் பொய்யென்று மறுத்தால் அம்மறுப்பே பொய்யாகிவிடும். தான் அவ்வாறு பேசியது முறையன்று என ஒப்புக்கொள்வதற்கு மேல் அவன் செய்யக்கூடியது சிறிதே. இவ்வகையில், பொய்யனுக்குத் திறந்திருக்கும் மீட்சிவழி உண்மை பேசிய புறங்கூறுவோனுக்கு அடைபட்டுவிடுகிறது.

இவ்விடத்து வலிய தடையொன்று எழுகின்றது. பிறர் குறை பேசலாகாது என்னும் போதனை, கொடியவர்க்குக் கவசமாகாதா? இது கற்பனை வினா அன்று. குருமார் சிலர் சிறார்மீது புரிந்த பாலியற் கொடுமைகள் நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தமை 2002 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே வெளிப்பட்டது. திருச்சபையின் பெயரைக் காத்தல் என்ற எண்ணம் இத்தகைய மறைப்புகளுக்குத் துணைநின்றது. பெயரைக் காக்கும் கடமை, சிறாரைக் காக்கும் கடமையை விழுங்கிவிட்டது.

ஆயினும் பிழை போதனையிலன்று, அதனைப் பாதியாக வெட்டியமையிலேயே உள்ளது. கோளை விலக்கும் அதே லேவியராகம அதிகாரம், அடுத்த வசனத்திலேயே அயலானை நேரே கடிந்துகொள்ளப் பணிக்கிறது. மத்தேயு 18 ஆம் அதிகாரம் முறையொன்றை வகுக்கிறது: முதலில் தவறியவனிடம் தனிமையில், பின்னர் ஓரிருவரை உடன்கொண்டு, அதன்பின் சபையிடம். அக்குவைனஸும், இன்றியமையாத நன்மை கருதி உரிய முறையிற் பிறர் குறையைக் கூறல் புறங்கூறலாகாது என்றே வகுத்துள்ளார். மாட்டின் லூதர் 1529 இல் வெளியிட்ட வினாவிடை நூல்களில், அயலான் செயலுக்கு இயன்றவரை நல்ல பொருள் கொள்ளுமாறு போதித்தார். தீர்ப்பளிக்கும் பொறுப்புடையோர் குற்றத்தை எடுத்துரைக்கும் கடமையையும் ஏற்றுக்கொண்டார். 2013 முதல் 2025 வரை பாப்பரசராயிருந்த பிரான்சிஸ், புறங்கூறலைப் பயங்கரவாதத்துக்கு ஒப்பிட்டுப் பலமுறை கண்டித்தவர். அவரே 2019 இல், இத்தகைய கொடுமைகளை அறியவரும் குருமாரும் துறவியரும் உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆகவேண்டுமெனச் சட்டம் விதித்தார். இவ்விரண்டும் தம்முள் முரணுவன அல்ல.

எனவே, சொல்லப்படுவது உண்மையா என்பதோடு, அது யாரை நோக்கிச் செல்கிறது என்பதையும் வினவ வேண்டும். தவறியவனைத் திருத்தவோ, தீங்குற்றவனைக் காக்கவோ வல்லவரிடம் செல்லும் சொல் நீதியின் பாற்பட்டது. அவ்விருவரையும் விலகி, சுவைப்பதற்கென்றே கூடியோரிடம் செல்லும் சொல் புறங்கூறலாகும். பல்கலைக்கழகச் சூழலில் இவ்வேறுபாடு தலைகீழாவதை நாம் காண்கிறோம். பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆயினும் அதனை முறையிடும் புதுமுக மாணவன் காட்டிக்கொடுப்பவன் எனத் தூற்றப்படுகிறான். மாணவி ஒருத்தியின் ஒழுக்கம்பற்றி விடுதிதோறும் கதை பரப்புபவனையோ எவரும் கடிவதில்லை. முன்னவன் தீமையைத் தடுக்க வல்லவரிடம் சென்றான். பின்னவன் அவ்வாறு எவரிடமும் செல்லவில்லை.

நாவடக்கம் வாய்மூடியிருத்தல் அன்று. பேசவேண்டியவரிடம் பேசும் துணிவும், ஏனையோரிடம் பேசாதிருக்கும் கட்டுப்பாடும் ஒருங்கே சேர்ந்ததே அது. முன்னைய துணிவு இல்லாதவிடத்தேதான் புறங்கூறல் பெரிதும் வளர்கிறது. ஒருவன் முகத்தெதிரே சொல்ல அஞ்சியதையே நாம் அவன் முதுகுக்குப் பின்னே சொல்லித் தீர்த்துக்கொள்கிறோம்.