உச்சிக்குச் சில அடிகள் கீழே

ஒரே மலையின்மீது இருவர் ஏறுகின்றனர். இருவருக்கும் பாதை ஒன்றே, வெயில் ஒன்றே, மூச்சிரைப்பும் ஒன்றே. ஒருவர் 'இம்மலையை நான் வென்றேன்' என்ற எண்ணத்துடன் இறங்கி வருகிறார். மற்றவர் 'இம்மலை என்னை ஏற்றுக்கொண்டது' என்ற எண்ணத்துடன் இறங்கி வருகிறார். உடல் செய்த செயலில் வேறுபாடு எதுவும் இல்லை. ஆயினும் இவ்விரண்டும் ஒரே செயல்தானா? இந்தக் கேள்வி மலையேறுபவர்களுக்கு மட்டும் உரியதன்று. வாழ்க்கையில் எதையேனும் அடைய விரும்பி உழைக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

பழைய மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் மார்டள்ளி என்ற ஊர் உள்ளது. கர்நாடகத்தில் இருந்தாலும் தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழும் ஊர் அது. அதற்கு அருகில் அடுக்கடுக்காக எழுந்து நிற்பவை மாதேஸ்வரன் மலைகள். கன்னட நாட்டுப்புற மரபு மாதேஸ்வரரை எழுபத்தேழு மலைகளின் இறைவனாகவும், புலியை வாகனமாகக் கொண்டவராகவும் போற்றுகிறது. சிவராத்திரியிலும் யுகாதியிலும் தீபாவளியிலும் கர்நாடகத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் அடியார்கள் அங்கே திரள்கின்றனர். காட்டுப் பாதைகளில் நடந்தே வருபவர்களும் பலர்.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அவர்கள் தேடி வரும் கோயில் ஓங்கிய சிகரம் ஒன்றின் உச்சியில் இல்லை. சுற்றிலும் மலைகள் சூழ்ந்து நிற்க, அவற்றின் மடியில் இருக்கிறது. இத்தனை மலைகளைக் கடந்து வந்த அடியாரிடம், 'எந்தச் சிகரத்தை எட்டினீர்கள்?' என்று யாரும் கேட்பதில்லை. அவருக்கு மலை கடக்கவேண்டிய தடை அல்ல, பிறரிடம் காட்டவேண்டிய சாதனையும் அல்ல. மலையே அவருக்கு இறைவனின் வீடு. வீட்டிற்குள் செல்பவர் கூரைமேல் ஏறி நிற்க நினைப்பதில்லை.

அப்படியானால் சிகரத்தின்மீது ஏற விரும்புவது தவறா? அவ்வாறு சொல்லிவிட முடியாது. துணிவு, பொறுமை, கட்டுப்பாடு, துணைவருக்காகத் தன் உயிரையும் பொருட்படுத்தாத நட்பு ஆகிய பண்புகளை மலையேற்றம் வளர்க்கிறது. 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கே எட்மண்ட் ஹில்லரியுடன் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அப்போது அவர் சில இனிப்புகளையும் பிஸ்கட்டுகளையும் பனியில் புதைத்து அம்மலையின் தெய்வத்திற்குக் காணிக்கையாக்கினார். உச்சியில் நின்ற அந்தக் கால்களில் செருக்கு இல்லை. எனவே குற்றம் காலில் இல்லை, ஏறுவதிலும் இல்லை. அதை ஆராய வேண்டிய இடம் மனம்.

மன்னருக்குக் கொடுத்த வாக்கு

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த ஒன்று இந்த ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுகிறது. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம் கஞ்சன்ஜங்கா. அதன் உயரம் 8,586 மீட்டர். சிக்கிம் மக்களுக்கு அது வெறும் பனிமலை அன்று. தங்கள் நாட்டைக் காக்கும் தெய்வத்தின் இருப்பிடம். 1955-இல் சார்லஸ் எவன்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு ஒன்று நேபாளத்தின் பக்கமிருந்து அதில் ஏற முற்பட்டது. அப்போது சிக்கிம் ஒரு மன்னரின் ஆட்சியில் இருந்தது. தங்கள் புனித மலையின் உச்சி மிதிக்கப்படலாகாது என்ற கவலை அங்கே எழுந்தது. உச்சியின்மீது கால் வைப்பதில்லை என்று எவன்ஸ் வாக்களித்தார்.

மே 25 அன்று ஜார்ஜ் பேண்ட், ஜோ பிரவுன் என்ற இரு இளைஞர்கள் உச்சியை நெருங்கினர். ஒருவருக்கு வயது 26, மற்றவருக்கு 24. கடைசியாகக் குறுக்கிட்ட செங்குத்தான பாறையைப் பிளவு ஒன்றின் வழியாகப் பிரவுன் ஏறிக் கடந்தார். அதற்குமேல் எஞ்சியிருந்தது சில அடிகளே. கடினமானவையும் அல்ல, மென்மையாகச் சரிந்து சென்ற பனி மட்டுமே. இருவரும் அங்கேயே நின்றனர், பின்னர் திரும்பினர். மறுநாள் நார்மன் ஹார்டி, டோனி ஸ்ட்ரீதர் என்ற இருவர் அதே இடத்தை அடைந்து, அவர்களும் அவ்வாறே திரும்பினர்.

அங்கே அவர்களைத் தடுக்கக் காவலர் இல்லை. பார்க்கச் சாட்சியும் இல்லை. சில அடிகள் நடந்திருந்தால், அந்தச் சுவடுகளையும் காற்று சில மணி நேரத்தில் அழித்திருக்கும். வாக்குக் கொடுத்தவர்களின் நேர்மை ஒன்றே அங்கே வேலியாக நின்றது.

இது வெறும் சடங்கா?

இதைக் கேட்பவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். 'மலை முழுவதையும் மிதித்துவிட்டுக் கடைசி சில அடிகளை மட்டும் விடுவதில் என்ன பயன்? தெய்வம் அந்தச் சிறு பனிக்குவியலில் மட்டுமா குடியிருக்கிறது?' ஐயம் நியாயமானதே. ஆனால் அது தூரத்தை அளக்கிறது, ஆசையை அளக்கவில்லை.

அடிவாரத்தில் நிற்பவன் 'எனக்குச் சிகரம் வேண்டாம்' என்று சொல்வது எளிது. அது துறவாகவும் இருக்கலாம், இயலாமையாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பது பல சமயங்களில் அவனுக்கே தெரியாது. கைக்கு எட்டாததைத் துறந்ததாகச் சொல்லிக்கொள்வது மனத்தின் பழைய தந்திரம். வாரக்கணக்கில் உழைத்து, உயிரைப் பணயம் வைத்து, விரும்பியது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும்போது ஆசை தன் முழு வலிமையோடு எழுகிறது. அங்கே நிற்க முடிந்தவனே தன் ஆசைக்குத் தலைவன். அந்தச் சில அடிகள் சிறியவை என்பதாலேயே சோதனை கடுமையாகிறது, 'இவ்வளவு சிறியதற்காகவா?' என்று மனம் வாதாட அங்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் உண்மையில் எதை இழந்தார்கள்? மலையேற்ற வரலாறு இன்றும் கஞ்சன்ஜங்காவில் முதலில் ஏறியவர்களாக அவர்களையே குறிப்பிடுகிறது. உழைப்பு, அனுபவம், கண்ட காட்சி, துணைவரின் அன்பு ஆகியவற்றில் எதுவும் குறையவில்லை. விடப்பட்டது ஒன்றே: 'இது இப்போது என் காலடியில் இருக்கிறது' என்ற எண்ணம். அடைவது வேறு, உடைமையாக்கிக்கொள்வது வேறு என்பதை அந்தச் சில அடிகள் பிரித்துக் காட்டின. செயலைக் குறைவறச் செய்து, அதன் பலன்மீது உரிமை கொண்டாடாதிருப்பது என்று கீதை கூறும் கர்மயோகத்தின் பொருளும் இதுவே. அதன் பின்னர் அங்கு ஏறியவர்களில் பலர் இம்மரபைக் காத்தனர், காக்காதவர்களும் உண்டு.

கட்டுப்பாடு யார்மீது விழுகிறது?

வலிமை உள்ளவர்கள் தாமாக நில்லாதபோது என்ன நிகழும்? இதற்கு உத்தராகண்டில் உள்ள நந்தாதேவி விடை தருகிறது. சுற்றிலும் சிகரங்கள் மதிலாக நிற்க, நடுவில் 7,816 மீட்டர் உயரத்துடன் எழும் மலை அது. அந்த மதிலுக்குள் இருக்கும் உயர்மலைப் பள்ளத்தாக்கிற்கு 1934-இல் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் ரிஷிகங்கையின் இடுக்கு வழியாக முதன்முதலில் நுழைந்தனர். 1936-இல் டில்மனும் நோயல் ஓடெலும் சிகரத்தில் ஏறினர். 1974-இல் அப்பகுதி மலையேற்றக் குழுக்களுக்குத் திறந்துவிடப்பட்டபின் கூட்டம் பெருகியது. சமையலுக்கு விறகு வெட்டப்பட்டது, குப்பைகள் குவிந்தன, செடிகள் அழிந்தன. 1982-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1983-இல் உள்ளே செல்வது தடுக்கப்பட்டது.

தடையினால் அந்த நிலம் மெல்ல மீண்டது. ஆனால் விலை கொடுத்தவர்கள் யார்? அதன் வாயிலில் இருக்கும் லாதா, ரேணி முதலிய சிற்றூர்களின் மக்கள். தலைமுறை தலைமுறையாக ஆடுகளை மேய்த்த புல்வெளியையும், சுமை தூக்கி ஈட்டிய கூலியையும் அவர்கள் இழந்தனர். 1974 மார்ச்சில் கௌரா தேவியின் தலைமையில் மரங்களைக் காத்து நின்று சிப்கோ இயக்கத்திற்குப் புகழ் சேர்த்தவர்கள் அந்த ரேணியின் பெண்களே. காட்டைக் காத்தவர்களுக்கே காடு மூடப்பட்டது.

இதிலுள்ள அறம் தெளிவானது. அடக்கம் உள்ளிருந்து வரும்போது அது யாரையும் துன்புறுத்துவதில்லை. அது உள்ளிருந்து வராதபோது வெளியிலிருந்து சட்டமாக வருகிறது. அப்போது குற்றம் செய்தவர்களோடு செய்யாதவர்களையும் அது தாக்குகிறது. 2024 ஜனவரியில் கர்நாடகத்தின் குமாரபர்வதத்தில் பெருங்கூட்டம் திரண்டதைத் தொடர்ந்து, இணையவழி முன்பதிவு இல்லாத மலைப்பாதைகளில் நடைப்பயணத்தை அம்மாநில அரசு தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் இளைஞர்களும் இதை நினைவில் கொள்வது நல்லது. புலி வாழும் காட்டில் விருந்தினராக நடப்பதும் ஒரு வழிபாடே.

மலையும் தலையும்

நம் மரபு இவ்வுண்மையை இரண்டு உருவங்களில் வைத்திருக்கிறது. இராவணன் சிறந்த சிவபக்தன், அளவற்ற ஆற்றல் உடையவன். ஆனால் தன் வழியில் நின்ற கயிலை அவனுக்குத் தடையாகத் தோன்றியது. அதைப் பெயர்த்தெடுக்க முயன்று அதன் அடியிலேயே நசுங்கினான். காரைக்கால் அம்மையாரோ எலும்புருவாகிய உடலோடு அதே கயிலைக்குச் சென்றவர். இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்க அஞ்சி, தலையால் நடந்து சென்றார் என்று பெரிய புராணம் கூறுகிறது. கயிலையை நாடிய இருவரில் ஆற்றல் மிக்கவன் அதனடியில் அகப்பட்டுக் கதறினான். ஆற்றல் அனைத்தையும் துறந்தவரை இறைவனே 'அம்மையே' என்று அழைத்தான்.

தலையால் நடப்பது எல்லோருக்கும் இயலாது. ஆனால் சில அடிகளை விட்டு நிற்பது எல்லோருக்கும் இயலும். விவாதத்தில் எதிரி தளர்ந்த பிறகு சொல்ல எஞ்சியிருக்கும் கடைசிச் சொல்லை விடலாம். செய்த உதவியை நினைவூட்ட வாய்ப்பு வரும்போது பேசாதிருக்கலாம். பாகப்பிரிவினையில் உரிமையுள்ள ஒரு சாண் நிலத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கலாம். ஒவ்வொருவருடைய வாழ்விலும் இத்தகைய உச்சிகள் உண்டு. அங்கு வரை ஏறுவதற்கு முயற்சி வேண்டும். அங்கே நிற்பதற்கு அதனினும் பெரிய வலிமை வேண்டும். கஞ்சன்ஜங்காவில் மிதிக்கப்படாமல் விடப்பட்ட அந்தச் சில அடிப் பனியை எந்த அளவுகோலாலும் அளந்துவிடலாம். அதை விட்டுத் திரும்பிய மனத்தின் உயரத்தை அளக்கும் கோல் எதுவும் இல்லை.